மதுரைக் காரை வீடு: குளுமை எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது

"பழைய வீடுன்னா ஏசியே வேண்டாம், குளுகுளுன்னு இருக்கும்" என்று ஒரு பேச்சு. "ஓதம் ஏறி, காரை கொட்டி, கரண்டு பில்லும் எகிறுது, இடிச்சுட்டுப் புதுசா கட்டுறதுதான் லாபம்" என்று இன்னொரு பேச்சு. மதுரையில் மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகள், அவற்றுக்கு இடைப்பட்ட சந்துகளில் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்கள் இரண்டையும் மாறி மாறிக் கேட்டிருப்பார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை.

காரை வீட்டின் குளுமை மூன்று வேலைகள் சேர்ந்து நடப்பதால் வருகிறது. சுவரும் தளமும் வெயிலின் சூட்டைத் தாமதப்படுத்துகின்றன. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடுகிறது. முற்றம் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. இவற்றில் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் தடுமாறும். பெரும்பாலும் அதை நிறுத்துவது நல்ல எண்ணத்தோடு நாமே செய்யும் ரிப்பேர்தான். அதனால் பழைய வீட்டைக் காப்பாற்றுவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

காரை வீடு என்று இங்கே சொல்வது, செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அதன் மேல் சுண்ணாம்புக் காரை பூசி, மரக் கட்டைகளின் மேல் மெட்ராஸ் டெரஸ் தளம் போட்ட வீட்டை. சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். சில வீடுகளில் இரண்டு அடிகூட உண்டு.

## தோசைக்கல்லும் ஒன்றரை அடிச் சுவரும்

கனமான இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தால் சூடேற நேரம் பிடிக்கும். அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு தோசை வார்க்கலாம். மெல்லிய அலுமினியச் சட்டி உடனே காயும், உடனே ஆறும். இரண்டும் நின்றது ஒரே அடுப்பில்தான். வித்தியாசம், எவ்வளவு வெப்பத்தை உள்ளே வைத்துக்கொள்ள முடியும் என்பதில்.

கனமான பொருள் இப்படி வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கு வெப்பத் தேக்கம் என்று பெயர். சுவரின் வெளிப்பக்கத்தில் பட்ட சூடு உள்பக்கம் வந்து சேர ஆகும் நேரத்துக்கு வெப்பத் தாமதம் என்று பெயர். நாலு அங்குலக் கான்கிரீட் தளத்தில் இந்தத் தாமதம் மூன்று மணி நேரத்துக்குள்தான். ஓர் அடிச் செங்கல் சுவரில் எட்டு மணி நேரத்தை ஒட்டி வரும். ஒன்றரை அடிச் சுவரில் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்குப் போகும்.

பகல் இரண்டு மணிக்குக் கான்கிரீட் தளத்தில் அடிக்கும் வெயில், மாலை ஐந்து மணிக்கு விசிறிக் காற்றாக நம் மேல் இறங்குவது இதனால்தான். ஒன்றரை அடிச் சுவரில் அதே வெயில் உள்ளே வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அதற்குள் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். மதுரையில் மே மாதத்தில் பகல் 38 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனாலும் விடியற்காலையில் 26 அளவுக்கு இறங்குகிறது. இந்தப் பன்னிரண்டு டிகிரி இறக்கத்தை நம்பித்தான் கனச்சுவர் வேலை செய்கிறது.

பலர் தவறவிடும் இடம் இதுதான். சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. வாங்கி வைத்து, இரவில் கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கும் சூட்டை வெளியே தள்ள இரவில் காற்றோட்டம் வேண்டும். திருட்டுக்கும் கொசுவுக்கும் பயந்து இரவு முழுக்க ஜன்னலை அடைத்து வைத்தால், தோசைக்கல்லை அடுப்பிலேயே விட்டது போல ஆகும். நாள் போகப் போகச் சுவரில் சூடு சேர்ந்து, கத்திரி வெயில் முடிவதற்குள் காரை வீடும் இரவில் அனலாக அடிக்கும். "எங்க வீடு மட்டும் ஏன் பழைய வீடா இருந்தும் சுடுது" என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல் திறக்கும் நேரத்தை. கோடையில் இரவு எட்டு மணியிலிருந்து காலை ஏழு எட்டு மணி வரை திறப்பு. பிறகு மாலை வரை வெயில் பக்கத்து ஜன்னல் கதவுகள் சாத்தியே இருக்கட்டும். பழைய மரக் கதவுகளில் மேல்பாதி, கீழ்பாதி தனித்தனியாகத் திறப்பதும் இதற்குத்தான். கொசுவலையைத் தனிச் சட்டத்தில் அடித்து உள்பக்கம் மாட்டிவிட்டால் அசல் கதவை ஒன்றும் செய்ய வேண்டாம்.

இதுவரை: கனச்சுவர் சூட்டைப் பல மணி நேரம் தள்ளிப்போடுகிறது, அந்தச் சூட்டை இரவுக் காற்றுதான் கழுவிக்கொண்டு போகிறது. சுவர் பாதி, ஜன்னல் பாதி.

## சித்திரை வெயில் விழும் இடம் மொட்டைமாடி

மதுரை ஏறத்தாழ பத்து டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த ஓரிரு நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். ஆவணியில் மறுபடி ஒருமுறை வருகிறான். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து சற்றுச் சாய்ந்து விழும். ஆக, கோடையின் கொடுமையான வெயில் சுவரில் படுவதைவிடத் தளத்தின் மேல் படுவதுதான் மிக அதிகம்.

பழைய ஊரின் மனைகள் தெருவுக்குக் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருப்பவை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். வெயில் படுவதற்கு முன்பக்கம், பின்பக்கம், மேலே என்று மூன்றே இடங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் அது மேல்தளத்தில் போகட்டும். மின்சாரத்துக்கும் அதுதான் நல்லது, கட்டடத்துக்கும் அதுதான் நல்லது.

மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது தானே விளங்கும். சுவருக்குச் சுவர் மரக் கட்டைகள், ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம். அவற்றின் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குச் சாய்வாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மரக் கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பாவியிருக்கும். மொத்தம் ஏழு எட்டு அங்குலம். நாலு அங்குலக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் தாமதம் இரண்டு மடங்குக்கு மேல்.

மழை ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வருகிறவர் பெரும்பாலும் சொல்வது, "மேல மூணு இஞ்ச் காங்கிரீட் போட்டு மூடிரலாம்." இதில் இரண்டு கேடு. ஒன்று எடை. மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறத்தாழ 17 கிலோ. பத்துக்குப் பத்து அறைக்கு 1.7 டன். நூறு வருஷமாக ஒரு பாரத்தைத் தூக்கிப் பழகிய கட்டைகளின் மேல் ஒரு கார் எடையை ஏற்றி நிறுத்துகிற காரியம் அது. இரண்டாவது, தளத்துக்குள் ஏற்கெனவே இறங்கிய ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கட்டைகளின் பக்கம் திரும்பும். கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் முதலில் மக்கும், கரையானும் அங்கேதான் நுழையும். வெளியே பார்க்கும்போது கட்டை கருகருவென்று நன்றாகவே தெரியும்.

சோதிக்கும் வழி எளிது. ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு கட்டையையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கில் முனை இறங்காது. அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்தக் கட்டைக்கு வேலை இருக்கிறது. மேலே எதையும் தொடுவதற்கு முன் ஆசாரியையும், பழைய கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளரையும் கூட்டிவர வேண்டும். முனை மட்டும் மக்கியிருந்தால் கட்டை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. முனையை ஒட்டுப் போடலாம், அல்லது சுவரோரம் இரும்புத் தாங்கி கொடுக்கலாம்.

தளத்தின் மேல் செய்ய வேண்டியது இந்த வரிசையில். கைப்பிடிச் சுவரிலும், மழைத்தண்ணீர் இறங்கும் தூம்பின் ஓரத்திலும் முளைத்த அரசங்கன்று, ஆலங்கன்றுகளை வேரோடு எடுக்க வேண்டும். மேலே வெட்டிவிட்டால் வேர் உள்ளுக்குள் பெருக்கும். வேர் போன இடத்தில் நாலைந்து செங்கலைக் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பில் கட்டுவதுதான் ஒழுங்கு. அடுத்தது தண்ணீர் ஓட்டம். பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது தூம்பை நோக்கிச் சரிவு வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். தட்டோட்டைச் சுத்தியலின் காம்பால் தட்டிக்கொண்டே போனால் பிடிப்பு விட்டது "டொக்" என்று வெற்றொலி கொடுக்கும். அவற்றை மட்டும் எடுத்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தில் திரும்பப் பதித்து, இடுக்குகளைச் சுரண்டி அதே சாந்தால் அடைத்தால் போதும். செங்கல் தூளைக் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்கள். சுண்ணாம்பு தண்ணீர் பட்டாலும் இறுகி நிற்க அது உதவுகிறது.

கடைசியாக வெள்ளை. நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியோ வஜ்ரப் பசையோ சேர்த்து, தளம் முழுக்க மெல்லிசாக மூன்று கை. ஒரே கையில் கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் உரிந்து பறக்கும். புதிதாக அடித்த வெள்ளை, விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சிவப்புத் தட்டோடும் சாம்பல் நிறக் கான்கிரீட்டும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளை கரைந்துதான் போகும். வருஷா வருஷம் பங்குனியில் அடிப்பது என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்க மறக்காத நமக்கு இது பெரிய காரியமில்லை.

ஓவர்ஹெட் தண்ணீர் தொட்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. இரண்டு சுவர்களின் மேல் இரும்பு விட்டம் போட்டு, எடை முழுவதும் சுவரில் இறங்கும்படி வைக்க வேண்டும்.

## பானைக்கு எனாமல் பெயிண்ட் அடித்தால்

புதுப் பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வியர்க்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் தண்ணீர் சில்லென்று ஆகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே பானைக்கு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டால் வியர்க்க வழியில்லை, குளிரவும் குளிராது.

காரைச் சுவர் பானையைப் போன்றது. பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் பட்டை எதுவும் கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும்; விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல. இதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புக் காரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். ஏறிய ஓதம் அவற்றின் வழியாக ஆவியாகிவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வதற்குப் பொருள் இதுதான்: காற்று உள்ளே வெளியே போய் வருவதைச் சொல்லவில்லை, ஈரம் ஆவியாக வெளியேறுவதைச் சொல்கிறார்கள்.

ஓதக் கறையைப் பார்த்து மனம் பொறுக்காமல் சிமெண்டுப் பூச்சு பூசுகிறோம். அதன் மேல் பட்டி பார்த்து, எமல்ஷன் அடிக்கிறோம். ஆறு மாதம் பளபளவென்று இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மேலே ஏறத் தொடங்கும். இரண்டடியில் நின்ற ஓதம் நாலடிக்குப் போகும். அதை மறைக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் ஐந்தடியில் தலையைக் காட்டும். தரையிலிருந்து ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக விரியும்போது செங்கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும். கையால் தடவினால் சிவப்பு மாவாகக் கொட்டும். சிமெண்டு கெட்டியானது, செங்கல் மிருது. ஆகவே சண்டையில் தோற்பது செங்கல்தான்.

இதற்கும் கரண்டு பில்லுக்கும் என்ன தொடர்பு? ஈரச் செங்கல் காய்ந்த செங்கல்லைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஓதத்தில் ஊறிய சுவரின் தாமதம் குறைந்துபோகும். அறைக்குள் ஈரப்பதம் கூடி, அதே 32 டிகிரியிலும் புழுக்கம் தாங்காது. விசிறி போதாமல் ஏசிக்குப் போவோம். ஏசி தன் மின்சாரத்தில் ஒரு பங்கை அந்த ஈரத்தைப் பிழிந்து எடுப்பதற்கே செலவழிக்கும்.

சுருக்கம்: சுண்ணாம்பு ஈரத்தை விடும், சிமெண்டு பிடித்து வைக்கும். ஈரச்சுவர் சூட்டைத் தடுக்காது. சுவரைக் காய வைப்பது மின்சாரச் சிக்கனத்தின் முதல் வேலை.

சுவரில் இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று தெரியாவிட்டால், பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு நாணயத்தால் கீறிப் பார்க்கலாம். காரை வெண்தூளாகச் சுலபமாகக் கீறும்; சிமெண்டில் கோடுதான் விழும். தண்ணீர் தெளித்தால் காரை சில நொடிகளில் குடித்துவிடும். எமல்ஷன் அடித்த சுவரில் முத்து முத்தாக வழியும்.

## சிமெண்டை எடுத்துச் சுண்ணாம்புக்குத் திரும்புவது

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும். உடைந்த தூம்பு, சுவருக்குள் கசியும் குழாய், சுவரோரம் போட்ட குளியலறை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்து, திண்ணையின் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்துபோன வீடுகளில் மழைநீர் சுவரடியிலேயே நிற்கும். அங்கே சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக் கல் நிரப்பிய ஓடை எடுத்துத் தண்ணீரைத் தள்ளி அனுப்பாமல், பூச்சுக்குச் செலவழிப்பது வீண்.

பிறகு, ஈரக் கறையின் விளிம்புக்கு மேல் ஒன்றரை அடி வரை சிமெண்டுப் பூச்சை எடுக்க வேண்டும். உளியும் சிறு சுத்தியலும் போதும். பிரேக்கர் மெஷின் வைத்தால் பூச்சோடு செங்கல்லும் வரும். இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, உப்பைத் தென்னந் துடைப்பத்தால் வறட்டாகப் பெருக்கி அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். இதைத் தை, மாசியில் செய்துவிட்டு, கோடை முழுவதும் சுவரைத் திறந்தபடியே காய விட வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். நாலைந்து மாதம் பொறுக்க முடியாமல் உடனே பூசிவிடுவதால்தான் பெரும்பாலான சுண்ணாம்பு வேலைகள் தோற்று, "சுண்ணாம்பெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது" என்ற பேரும் வருகிறது.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி அளவில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுவதுதான் நீற்றுதல். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும், கண்ணுக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். பிளாஸ்டிக் டிரம் உருகும். இரும்பு டிரம்மோ குழியோ வேண்டும். நீற்றியதை வடிகட்டி, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதம் ஊறவிட்டால் வெண்ணெய் போன்ற விழுது கிடைக்கும். சுவரில் பூசிய பின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சிமெண்டுக்கு வேண்டிய சூடு 1,450 டிகிரி. சுண்ணாம்புக்கு எரிபொருள் குறைவு என்பது இதிலிருந்தே தெரியும்.

கலவை, அளவுக்கு ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு மணல். மணலில் மாவுத் தூசி அதிகம் இருந்தால் பூச்சு வெடிக்கும், எம்.சாண்ட் என்றால் கழுவி, சலித்தே போட வேண்டும். கடுக்காய் ஊறல், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். கலவை குழைவாகும், இறுக்கமும் கூடும். அளவு மிஞ்சினால் இறுகாமல் இழுத்துக்கொண்டே போகும். இந்தக் கலவையில் "பிடிப்புக்கு" என்று ஒரு சட்டி சிமெண்டைக் கலப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு சட்டியில் கெடும்.

பூசும் முன் சுவரை நனைக்க வேண்டும். ஒரு கைக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் விட்டு இரண்டாவது கை, பிறகு மூன்று மில்லிமீட்டரில் மேல்பூச்சு. கத்திரி வெயிலில் பூசினால் நொடியில் காய்ந்து வலை வலையாக வெடிக்கும். ஆடி, ஆவணியில் பூசி, காற்று நேராக அடிக்காமல் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் தண்ணீர் தெளித்து வர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். முதல் இரண்டு வருஷங்களில் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்துக் காரை கொஞ்சம் உதிர்ந்தால் பதற வேண்டாம். சுவரில் மிச்சமிருந்த உப்பை அந்தப் பூச்சு இழுத்துக்கொண்டு தான் உதிர்கிறது, செங்கல் பிழைக்கிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசினால் போதும்.

சுண்ணாம்புக்கு என்ன ஆயுள் என்று சந்தேகப்படுபவர்கள், 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு நடை போய்வரலாம். அந்தப் பெருந்தூண்களைத் தொடும்போது கைக்குப் படுவது சுண்ணாம்புப் பூச்சுதான். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் மகாலைப் பழுது பார்த்தார்கள். காலாகாலத்தில் பழுது பார்த்தால் நிற்கும் பொருள் அது.

## முற்றம் ஒரு புகைபோக்கி

சூடான காற்று லேசானது, மேலே போகும். போகும்போது கீழே இருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும். அடுப்புப் புகைபோக்கி செய்வது இதைத்தான். முற்றமும் அப்படியே: வீட்டின் சூடு அதன் வழியே ஏறிப் போக, தெருப் பக்கமும் கொல்லைப் பக்கமும் காற்று உள்ளே வரும். இரவில் திறந்த வானத்தைப் பார்த்துத் தரைக்கல் குளிர்ந்து, காலை பத்து மணி வரை தாழ்வாரத்தைக் குளுமையாக வைத்திருக்கும்.

மழை, குரங்கு, திருட்டு என்று காரணம் சொல்லி முற்றத்தின் மேல் கண்ணாடி போன்ற ஷீட்டை நெருக்கமாகப் போட்டு மூடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. புகைபோக்கியின் வாயில் மூடி போட்ட கதை. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான், வழிதான் தவறு. முற்றத்தின் மேல்திறப்பில் இரும்புக் கிராதி போட்டு, அதற்கு மேல் இடைவெளி விட்டு வெள்ளைத் தகட்டுக் கூரையை உயர்த்தி நிறுத்தலாம். எவ்வளவு இடைவெளி? சதுர முற்றமானால் அகலத்தில் கால் பங்கு. எட்டுக்கு எட்டு முற்றத்துக்கு இரண்டடி: நாலு பக்கமும் சேர்த்து 64 சதுர அடி திறப்பு, முற்றத்தின் பரப்பும் 64 சதுர அடி. காற்றுக்கு ஓர் அங்குலமும் குறையாது. கூரையை எல்லாப் பக்கமும் இரண்டடி நீட்டினால் சாரல் பெரும்பாலும் நிற்கும்.

## மின்சாரத்தைப் பற்றி, இப்போதுதான்

வீட்டைச் சீராக்காமல் ஏசியை மாற்றிப் பலனில்லை என்பதால் இதைக் கடைசிக்கு வைத்தோம்.

விசிறிகளை மாற்றுவது உடனே பலன் தரும். பழைய விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் வைத்த புது விசிறி 30 வாட் அளவு. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் நாலு விசிறியை மாற்றினால் மாதம் ஏறத்தாழ 65 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 130 யூனிட் குறையும். காரை வீட்டில் தளம் பன்னிரண்டு பதின்மூன்று அடி உயரம் இருப்பதால் நீளக் கம்பி போட்டு, இறக்கை தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் சுற்றும்படி தொங்கவிட வேண்டும். கொக்கியை மரக் கட்டையில் மாட்டுங்கள். தளச் செங்கல்லில் துளை போட்டால் ஒரு செங்கல் கழன்றதும் பக்கத்து வரிசையும் தளரும்.

ஏசி வேண்டியிருந்தால் ஒரே ஓர் உள்ளறைக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரமானால் 1,080 கன அடி. பதின்மூன்று அடியானால் 1,560. அளவு தேர்வு செய்யும்போது இதைச் சொல்ல மறக்கக் கூடாது. கனச்சுவர் முதலில் தன் சூட்டைக் கக்கி முடிக்கும் வரை அறை குளிராது. 18இல் வைத்து அரை மணி ஓட்டி அணைப்பதைவிட, 26இல் வைத்து விசிறியோடு தொடர்ந்து ஓட்டுவது சிக்கனம். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் ஆறு சதவீதம் அளவுக்கு மிச்சமாகும். ஏசியின் வெளிப்பெட்டியை முற்றத்தில் மட்டும் வைக்காதீர்கள். அது கக்கும் அனலை முற்றம் வீட்டுக்குள்ளேயே திருப்பும். ஃபால்ஸ் சீலிங் போடுவதானால் கட்டைகளைப் பார்க்க ஒரு கதவு விடுங்கள். ஒழுகலும் கரையானும் அதற்கு மேலே மறைந்துகொண்டால் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

மாடியில் சூரியத் தகடு போடுவது நல்லது. தளத்துக்கு நிழலும் கிடைக்கும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி வேண்டும், நாளைக்கு நாலு யூனிட் அளவு வரும். கால்களைத் தட்டோட்டில் துளைத்து நிறுத்த விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குச் சொன்னது போலவே, சுவருக்குச் சுவர் விட்டம் போட்டு அதன் மேல்.

## இடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

ஒரு பொருளைச் செய்து கொண்டுவந்து வைப்பதற்கு ஏற்கெனவே செலவான எரிபொருளையும் மின்சாரத்தையும் உள்ளடங்கிய ஆற்றல் என்பார்கள். கொத்தனார் கணக்கில் ஒன்பது அங்குலச் சுவரில் சதுர அடிக்குப் பத்துச் செங்கல். ஒன்றரை அடிச் சுவரானால் இருபது. பத்துக்குப் பத்து அடி உள்ள ஒரே ஒரு சுவரில், இன்றைய செங்கல் அளவில், இரண்டாயிரம் செங்கல் சுட்டு அடுக்கியிருக்கிறது. இடித்தால் அது குப்பை லாரியில் போகும். பதிலுக்கு சிமெண்டும் கம்பியும் புதுச் செங்கல்லும் லாரியில் வரும். கட்டி முடிந்த வீடு நாலு அங்குலத் தளத்தோடு, முற்றம் இல்லாமல், ஒவ்வோர் அறைக்கும் ஏசி கேட்கும். பில்லை மட்டும் பார்த்து இடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

## எங்கே தொடங்குவது

ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றை வெளியே நிழலிலும் ஒன்றை நடு அறையிலும் மாட்டி, ஒரு வாரம் காலை 6, பகல் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு எழுதி வையுங்கள். பகல் இரண்டு மணிக்கு உள்ளே ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்தால் சுவரும் தளமும் வேலை செய்கின்றன. இரவு பத்து மணிக்கு உள்ளே வெளியைவிட மூன்று டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் காற்றோட்டத்தில் குறை. ஜன்னலையும் முற்றத்தையும் பாருங்கள். மாலை நாலு மணிக்கே தளத்தின் அடிப்பக்கம் கைக்குச் சுட்டால் மேலே வெள்ளையும் தட்டோடும் கவனிக்க வேண்டும்.

கொத்தனார் வந்ததும் முழுச் சுவரையும் ஒப்படைத்துவிடாமல், கொல்லைப் பக்கச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு மாதிரிப் பூச்சு பூசச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக ஒலித்து, வெடிப்பு இல்லாமல், தெளித்த தண்ணீரைக் குடித்தால், அதே கலவை, அதே கை, அதே ஆளை வைத்து முன்வாசலுக்கு வரலாம்.